ஜெர்மனியில் இறங்கிய கையோடு ரயில் ஏறப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

தங்கைக்கு குழந்தை பிறந்து ஒன்பது நாள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு 2025 அக்டோபரில் ஜெர்மனி போனேன். அவள் இருப்பது வூர்ட்ஸ்பூர்க்கில். அங்கே விமான நிலையம் கிடையாது, ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ரயிலில்தான் போக வேண்டும். அந்த ரயில் பயணத்தில் எங்கள் ஊர் ட்ராவல்ஸ்காரர் ஒருவரால், அபராதமும் சேர்த்து 32 ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் இழந்தோம். பணத்தை விடுங்கள், 67 வயதில் மூட்டு வலியோடு வந்த என் அம்மாவை டிக்கெட் இல்லாமல் வந்தவள் மாதிரி ஒரு ரயில் பெட்டியில் எல்லோர் முன்னாலும் உட்கார வைத்துவிட்டார். அதை என்னால் மறக்க முடியவில்லை. ட்ராவல்ஸ் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

விமான டிக்கெட் அவரிடம்தான் எடுத்தோம், அதில் ஒரு குறையும் இல்லை. “ரயிலையும் சேர்த்தே போட்டுத் தந்துடறேன் மேடம், அங்க போய் நீங்க தேடிட்டு நிக்க வேண்டாம்” என்றார். இரண்டு பேருக்கும் 13,800 ரூபாய். விமானம் மதியம் 12.50க்கு இறங்கும், அதிவேக ரயில் 2.10க்கு. நேரம் போதுமா என்று கேட்டேன். “தாராளம். அப்படியே விட்டாலும் அடுத்த ரயில்ல ஏறிக்கலாம், டிக்கெட் நாள் முழுக்கச் செல்லும்” என்றார். இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் கிளம்பினோம்.

விமானம் 40 நிமிடம் தாமதம். பாஸ்போர்ட் வரிசை வளைந்து வளைந்து போனது. பெட்டிகள் வரும்போது மணி 2.35. அதற்கு மேல் யாரும் எங்களுக்குச் சொல்லாத ஒன்று இருந்தது. நாங்கள் இறங்கியது டெர்மினல் 2. ரயில் நிலையமோ டெர்மினல் 1 பக்கம். அதுவும் ஒன்றல்ல, இரண்டு நிலையங்கள்! வட்டார ரயில்களுக்கான நிலையம் டெர்மினல் 1க்கு நேர் கீழே இருக்கிறது, தூரப் பயண ரயில்களுக்கானது அதிலிருந்து தள்ளி, மேம்பால நடைபாதை வழியாகப் போக வேண்டிய தனிக் கட்டடம். முதலில் கீழே இறங்கிவிட்டோம், அது தப்பான நிலையம் என்று தெரிந்து, இரண்டு 23 கிலோ பெட்டிகளையும் அம்மாவையும் இழுத்துக்கொண்டு மறுபடி மேலே ஏறிப் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது. ஈரோட்டில் வீட்டைப் பூட்டியதிலிருந்து கணக்குப் போட்டால் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது, அம்மாவின் கால் வீங்கிச் செருப்புக்குள் போக மறுத்தது.

டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண் எங்கள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, இது 2.10 ரயிலுக்கு மட்டுமான சலுகை டிக்கெட், வேறு ரயிலில் செல்லாது, பணமும் திரும்பாது என்று பொறுமையாகச் சொன்னார். விமானம் தாமதம் என்று சொன்னேன். ரயில் தாமதமாகியிருந்தால் பார்க்கலாம், விமானத் தாமதத்துக்கு இந்த டிக்கெட்டில் இடமில்லை என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, உள்ளதைச் சொன்னார். உடனே புறப்படும் ரயிலுக்கு முழு விலை டிக்கெட் எவ்வளவு என்று கேட்டேன். அவர் சொன்ன தொகையை ரூபாயில் மாற்றிப் பார்த்ததும் கொஞ்சம் யோசிக்கிறேன் என்று நகர்ந்துவிட்டேன். அங்கேதான் நான் தப்புச் செய்தேன். அந்த இடத்திலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

தங்கைக்கு போன் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பச்சை உடம்புக்காரி, தூங்கிக்கொண்டிருப்பாள், மாப்பிள்ளை வேலையில் இருப்பார், எதற்குப் பதற வைப்பது என்று நினைத்தேன். என் போனிலும் விமான நிலைய வைஃபை மட்டும்தான். அதனால் ட்ராவல்ஸ்காரருக்கே வாட்ஸப்பில் கூப்பிட்டேன். நம் ஊரில் அப்போது மாலை ஏழு மணி இருக்கும், எடுத்தார். “அப்படியா மேடம், சரி, ஒண்ணும் கவலைப்படாதீங்க, பவேரியா டே டிக்கெட்னு ஒண்ணு இருக்கு, வூர்ட்ஸ்பூர்க் பவேரியா மாநிலம்தான், லோக்கல் ரயில் எல்லாத்துலயும் நாள் முழுக்க போகலாம், ரெண்டு பேருக்கும் ஒரே டிக்கெட்” என்றார். 6,500 ரூபாய். ஊரில் இருந்த என் கணவர் ஜிபே செய்தார், இருபது நிமிடத்தில் டிக்கெட் வாட்ஸப்பில் வந்துவிட்டது. நல்லவேளை ஒரு வழி பிறந்தது என்று அவருக்கு நன்றி வேறு சொன்னேன்.

மறுபடி கீழே வட்டார நிலையம், அங்கிருந்து ஃபிராங்க்ஃபர்ட் நகரின் பெரிய நிலையத்துக்கு எஸ்-பான் எனப்படும் புறநகர் ரயில். அது தரைக்கு அடியில் கொண்டு போய் நிறுத்தும். மேலே ஏறி, நடைமேடை தேடி, வூர்ட்ஸ்பூர்க் போகும் வட்டார ரயிலைப் பிடித்தோம். வேலை விடும் நேரம், நல்ல கூட்டம். ஒரு பையன் எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தான். அம்மா மடியில் லேகிய டப்பாவும் பூண்டும் இருந்த பையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

வழியில் ஹனாவ் என்ற ஊர் வருவதற்கு முன்னாலேயே பரிசோதகர் வந்துவிட்டார். என் போனை வாங்கி, திரையை இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒரு வரியின் கீழ் விரலை வைத்து என்னிடம் திருப்பிக் காட்டினார். ஜெர்மன் எனக்குத் தெரியாது, ஆனால் பவேரியா என்ற சொல் புரிந்தது. பிறகு ஜன்னலைக் காட்டி, இது ஹெஸ்ஸன் மாநிலம், இந்த டிக்கெட் பவேரியாவுக்குள்தான் செல்லும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃபிராங்க்ஃபர்ட் இருப்பதே வேறு மாநிலத்தில். ஹனாவும் ஹெஸ்ஸன்தான், அதைத் தாண்டி அஷாஃபென்பர்க் பக்கம் போன பிறகுதான் பவேரியா. எல்லை வரைக்கும் தனியாக ஒரு டிக்கெட் எடுத்து, அதற்கு மேல் இதைப் பயன்படுத்தியிருந்தால் சரியாக இருந்திருக்கும். விமான நிலையத்திலிருந்து ஏறிய எஸ்-பானிலும் நாங்கள் செல்லாத டிக்கெட்டோடுதான் வந்திருக்கிறோம்.

தலைக்கு 60 யூரோ, இரண்டு பேருக்கு 120. அங்கே செல்லுபடியாகும் டிக்கெட் இல்லாமல் ஏறினால் குறைந்தபட்சக் கட்டணமே அதுதான், தெரியாமல் செய்தோம் என்பதற்கெல்லாம் கணக்கில்லை. பாஸ்போர்ட் வாங்கி விவரம் குறித்துக்கொண்டு, கையில் இருந்த கருவியிலிருந்து கடைப் பில் மாதிரி நீளமான தாளைக் கிழித்துக் கொடுத்தார். “என்ன பாப்பா, நம்மளை இறக்கி விட்ருவாங்களா?” என்று அம்மா மெதுவாகக் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் எங்களைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அரை மணி நேரம் அம்மா என் கையை விடவே இல்லை.

ராத்திரி மாப்பிள்ளை எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தார். ட்ராவல்ஸ்காரர் முதலில் கொடுத்த தாள் ரயில்வே கொடுத்த அசல் அல்ல. அசலைப் படமாக எடுத்து, விலை இருந்த இடத்தை வெட்டி, தன் லோகோவுக்குக் கீழே ஒட்டியிருக்கிறார். குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் என்ற வரி அதில் இருக்கத்தான் செய்கிறது, ஜெர்மனில், பொடி எழுத்தில். முன்பதிவு எண்ணை வைத்து மாப்பிள்ளை பார்த்தபோது உண்மை விலை இரண்டு பேருக்கும் சேர்த்து 45.98 யூரோ என்று வந்தது. அன்றைய மதிப்பில் சுமார் 4,700 ரூபாய். அதற்குத்தான் 13,800 வாங்கியிருக்கிறார்.

கமிஷன் வைக்கட்டும், அது அவர் பிழைப்பு. ஆனால் தெரியாத ஊருக்கு முப்பது மணி நேரம் பயணம் செய்து போகும் ஆட்களிடம் “எந்த ரயிலிலும் ஏறலாம்” என்று சொல்வது எப்படி? தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஊருக்கு வந்து நேரில் கேட்டபோது “விமானம் லேட்டானதுக்கு நாங்க என்ன மேடம் செய்ய முடியும்” என்பதுதான் பதில். பவேரியா டிக்கெட்டைப் பற்றிக் கேட்டதற்கு, அவசரத்துக்கு உதவிதானே செய்தேன் என்றார். ஜிஎஸ்டி பில் கேட்டேன், இன்றுவரை தரவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். வாட்ஸப் பேச்சு, ஜிபே ரசீது, அந்த அபராதத் தாள் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். நீங்களும் ஏஜென்ட் வாயால் சொல்வதை ஒரு வரி எழுதியும் அனுப்பச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அந்த முதல் வாக்குறுதிக்கு மட்டும் சாட்சி இல்லாமல் போய்விட்டது.

மாப்பிள்ளையிடம் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் வட்டார ரயிலுக்கு முன்கூட்டி டிக்கெட் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. இடம் ஒதுக்குவது கிடையாது, ஒரு மாதம் முன்னால் எடுத்தாலும் ஏறுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் எடுத்தாலும் சாதாரண டிக்கெட்டின் விலை ஒன்றுதான். நிலையத்து மெஷினில் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆகவே பெட்டி கைக்கு வந்த பிறகு எடுங்கள். அதிவேக ரயிலில் போகத்தான் வேண்டும் என்றால் மலிவான சலுகை டிக்கெட்டை விமானத்தில் இறங்கும் நாளுக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். அந்த நாளில் அந்த வழியில் எந்த ரயிலிலும் ஏறக்கூடிய முழு விலை டிக்கெட் தனியாக இருக்கிறது. சில விமான நிறுவனங்கள் விமான டிக்கெட்டோடே ரயிலையும் சேர்த்துத் தருகின்றன, ரெயில் அண்ட் ஃப்ளை என்று கேளுங்கள், அதில் இறங்கிய நாளும் மறுநாளும் ரயில் தேர்வு உங்கள் இஷ்டம். எங்களுக்கு அது இருந்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலையில்லை.

சலுகை டிக்கெட் ஏற்கெனவே கையில் இருந்தால் ஒன்று தெரிந்திருக்கட்டும். ரயில்வேயின் தாமதத்தால் நீங்கள் போய்ச் சேருவது 20 நிமிடமோ அதற்கு மேலோ பிந்தும் என்றால் அந்தக் கட்டுப்பாடு தானாக விலகிவிடும், வேறு ரயிலில் ஏறலாம். விமானத் தாமதம் அதில் சேராது, கவுண்டரில் இருந்த பெண் சொன்னது சரிதான்.

அந்த பவேரியா டே டிக்கெட் மோசமான டிக்கெட் இல்லை. ஒரே மாநிலத்துக்குள் இரண்டு மூன்று பேராகச் சுற்ற அது ரொம்ப மலிவு, நாங்களே பிறகு அதில் நியூரம்பர்க் போய் வந்தோம். வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், விடியற்காலையில் இறங்குகிறவர்களுக்கு அது உதவாது. மாதக் கணக்கில் தங்கப் போகும் பெற்றோருக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கிறது. அப்போது மாதம் 58 யூரோ, 2026 ஜனவரியிலிருந்து 63. நாடு முழுக்க வட்டார ரயில், எஸ்-பான், பஸ், ட்ராம் எல்லாம் அதில் போகலாம், அதிவேக ரயில் உட்பட தூரப் பயண ரயில்களில் மட்டும் கூடாது. அது சந்தா, மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பணம் போகும். அதனால் அங்கே இருக்கும் பிள்ளைகளே எடுத்துத் தரட்டும், இங்கே யாரிடமும் வாங்க வேண்டாம்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், எங்கள் தெருவில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் அடுத்த வாரம் மகனைப் பார்க்க ஸ்டுட்கார்ட் போகிறார்கள். அதே ட்ராவல்ஸ். நேற்று அவர்கள் வீட்டுக்குப் போய் ரயில் டிக்கெட்டைக் காட்டச் சொன்னேன். அதே லோகோ, அதே மாதிரி விலை வெட்டிய தாள், விமானம் இறங்கி 55 நிமிடத்தில் ரயில். அங்கேயே மகனுக்கு வீடியோ காலில் அதைக் காட்டினோம். அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்கே வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தாளை என்ன செய்வது என்று பெரியவர் கேட்டார். பத்திரமாக வைத்திருங்க மாமா, புகாருக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.