டிரேசர்களின் நினைவகப் பிழைகளைப் பிடிக்க எது ஏற்றது: அட்ரஸ் சானிடைசரா, வால்கிரைண்டா, த்ரெட் சானிடைசரா?

எஸ்ட்ரேஸ், ஜிடிபி போன்ற டிரேசர்கள், அதாவது பிற நிரல்களின் ஓட்டத்தைப் பின்தொடரும் கருவிகள், அந்நிரல்களின் பிழைகளைத் தேட உதவுபவை என்றாலும், பல இழைகள் (ஒரே நிரலுக்குள் ஒருங்கே ஓடும் த்ரெட்கள்) கொண்ட நிரலைப் பின்தொடரும்போது அவற்றுக்குள்ளேயே நினைவகப் பிழைகள் எளிதில் நுழைந்துவிடுகின்றன. அவற்றைப் பிடிக்க எந்தச் சோதனைக் கருவியைக் கையாளலாம் என்று முடிவு செய்யுமுன், இழைகள் டிரேசருக்குள் இருக்கின்றனவா அல்லது டிரேசர் பின்தொடரும் நிரலில் மட்டும் இருக்கின்றனவா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பெரும்பாலான ஒப்பீடுகள் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் வேகத்தை மட்டும் அளந்துவிட்டு நின்றுவிடுகின்றன.

முதலில் ஒற்றை இழையில் ஓடும் டிரேசரை எடுத்துக்கொள்வோம். பின்தொடரப்படும் நிரலில் 4100 என்ற எண்ணுடைய முதன்மை இழையும், 4101, 4102 என வேறு இரண்டு இழைகளும் இருப்பதாகக் கொள்வோம். 4102, நடப்பு நிரலுக்குப் பதிலாக வேறொரு நிரலை ஏற்றும் எக்ஸெக் அழைப்பைச் செய்தால், லினக்ஸ் கெர்னல் மற்ற இரண்டு இழைகளையும் முடித்துவிட்டு, அழைத்த இழைக்கே 4100 என்ற எண்ணைக் கொடுத்துவிடும். அதன் பழைய எண்ணை பிட்ரேஸ் (டிரேசர்கள் பிற நிரலைப் பின்தொடரப் பயன்படுத்தும் கெர்னல் அழைப்பு) வழியாகக் கேட்டு அறியும் வசதி லினக்ஸ் 3.0 முதல் உண்டு. ஒவ்வோர் இழைக்கும் தான் வைத்திருக்கும் பதிவுகளில், டிரேசர் பழைய 4100-இன் பதிவை விடுவித்து, 4102-இன் பதிவுக்கு எண்ணை மாற்ற வேண்டும். ஆனால் "கடைசியாக எந்த இழைக்கான வரியை அச்சிட்டோம்" என்று நினைவில் வைத்திருக்கும் பாயின்டர் (நினைவக முகவரியைச் சுட்டும் மாறி) ஒன்று விடுவிக்கப்பட்ட பதிவையே இன்னும் காட்டிக்கொண்டிருந்தால், அடுத்த வரியை அச்சிடும்போது டிரேசர் செத்த நினைவகத்தைத் தொடுகிறது. புதிய இழையின் முதல் நிறுத்தம், அதை உருவாக்கிய இழையிடமிருந்து வரும் குளோன் (புதிய இழை பிறந்தது என்ற) அறிவிப்புக்கு முன்னதாகவே வந்து சேரும் சூழலிலும் இத்தகைய குழப்பத்துக்கு இடமுண்டு.

இவ்வகைப் பிழைக்கு, கம்பைல் செய்யும்போதே நிரலில் சோதனைகளைச் சேர்க்கும் அட்ரஸ் சானிடைசரே என் முதல் தேர்வு. நிரலின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் நிழல் நினைவகம் (அந்த பைட்டுகளைத் தொடலாமா என்ற குறிப்பு) வைத்து அது கண்காணிக்கிறது. விடுவித்த துண்டுகளை உடனே மறுபயன்பாட்டுக்குத் தராமல் ஒதுக்கி வைத்திருப்பதால், தவறாகத் தொட்ட இடம், விடுவித்த இடம், ஒதுக்கிய இடம் ஆகிய மூன்றையும் ஒரே அறிக்கையில் காட்டிவிடுகிறது. 2012-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் சராசரி வேக இழப்பு 73 சதவீதம் என்று கூறப்பட்டது. வால்கிரைண்டின் நினைவகச் சோதனைக் கருவியான மெம்செக்கோ நிரலைப் பத்து முதல் முப்பது மடங்கு வரை மெதுவாக்கக்கூடியது. டிரேசர் மட்டும் அவ்வளவு தாமதமாக ஓட, பின்தொடரப்படும் நிரல் இயல்பான வேகத்தில் ஓடினால், நிகழ்வுகள் வந்து சேரும் வரிசை மாறி, தேடிவந்த பிழையே தலைகாட்டாமல் போகலாம்.

ஆனால் அட்ரஸ் சானிடைசருக்குப் புலப்படாத இடம் ஒன்று இருக்கிறது. இழைப் பதிவுகளை விடுவிக்காமல், பூச்சியமாக்கி அட்டவணையிலேயே வைத்து மறுபடி பயன்படுத்தும் டிரேசரில், பழைய பாயின்டர் இப்போது வேறோர் இழையின் பதிவைக் காட்டும்; நினைவகம் முறைப்படி உயிருடன் இருப்பதால் எந்த எச்சரிக்கையும் வராது. பயன்படாத பதிவுகளைத் தொடக்கூடாதவை என்று சானிடைசரின் இடைமுகம் வழியாகக் கையால் குறித்து வைத்தால், அந்தப் பதிவு மறுபடி பயன்பாட்டுக்கு வரும்வரையிலாவது பிழை வெளிப்படும். மெம்செக்குக்கும் இதே குறையும் இதே மருந்தும் உண்டு.

இன்னொரு சிக்கல் நேரத்தை வீணடிக்கக்கூடியது. அட்ரஸ் சானிடைசருடன் சேர்ந்து வரும் லீக் சானிடைசர் (விடுவிக்கப்படாமல் கசியும் நினைவகத்தைத் தேடுவது), நிரலின் இழைகளை நிறுத்துவதற்கு பிட்ரேஸையே பயன்படுத்துகிறது. ஒரு புராசஸை ஒரே நேரத்தில் ஒரு டிரேசர்தான் பற்றியிருக்க முடியும் என்பதால், பின்தொடரப்படும் சோதனை நிரலும் அதே சானிடைசருடன் கம்பைல் ஆகியிருந்தால், அது முடியும் தருவாயில் லீக் சானிடைசர் பிழை காட்டி நிற்கும். குற்றம் டிரேசருடையது என்று எண்ணிவிட வேண்டாம். எஸ்ட்ரேஸில் பின்தொடரப்படும் நிரலுக்கு மட்டும் சூழல் மாறிகளை (நிரல் தொடங்கும்போது பெறும் அமைப்புகளை) அமைக்கும் வசதி இருக்கிறது. அதன் மூலம் அங்கே கசிவுச் சோதனையை அணைத்துவிட்டு, டிரேசருக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

மெதுவாக ஓடுகிறது என்பதற்காக வால்கிரைண்டை ஒதுக்கிவிட முடியாது. பிற புராசஸின் நினைவகத்தை வாசிக்கும் அழைப்பு, கேட்டதைவிடக் குறைவான பைட்டுகளைத் தந்துவிட்டு வெற்றிகரமாகத் திரும்பலாம். மீதமுள்ள இடத்தில் குப்பை மதிப்புகள் இருப்பதை உணராமல் டிரேசர் அவற்றைக் கொண்டு முடிவெடுத்தால், அட்ரஸ் சானிடைசருக்கு அது தெரியாது, மெம்செக் சொல்லிவிடும். மெமரி சானிடைசரும் இதைச் செய்யும், ஆனால் சார்ந்திருக்கும் நூலகங்களையும் கிளாங் கம்பைலர் கொண்டு மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும். மெம்செக்குக்கு மறுகம்பைல் எதுவும் தேவையில்லை.

இழைகளுக்கிடையிலான போட்டியை, அதாவது ஒரே தரவை அவை ஒழுங்கின்றித் தொடுவதை, கண்டறியும் த்ரெட் சானிடைசருக்கு ஒற்றை இழை டிரேசரில் வேலையே இல்லை. போட்டி பின்தொடரப்படும் நிரலில் நடக்கிறது, டிரேசரின் நினைவகத்தில் அல்ல. டிரேசரே பல இழைகளில் ஓடும்போது நிலைமை தலைகீழாகிறது. 2020-இல் வெளியான ஜிடிபி 10 முதல் குறியீட்டுத் தகவல்களை (நிரலின் செயல்கூறு, மாறிப் பெயர்கள் போன்றவற்றை) பல இழைகளில் ஏற்றுவது இயல்புநிலையானது. இங்கே இரண்டு இழைகள் ஒரே அட்டவணையைப் பூட்டின்றி (ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் அனுமதிக்கும் காப்பு இன்றி) தொட்டால், விடுவித்ததைத் தொடும் பிழை எப்போதோ ஒருமுறைதான் வெளிப்படும். த்ரெட் சானிடைசர் அந்த விபத்து நேரும்வரை காத்திராமல், இரண்டு அணுகல்களுக்கும் இடையே ஒழுங்கு இல்லாததையே சுட்டிக்காட்டும். அதற்கு விலையாக வேகம் 5 முதல் 15 மடங்கு குறையும், நினைவகம் 5 முதல் 10 மடங்கு கூடும். அட்ரஸ் சானிடைசருடன் ஒரே பைனரியில் அதைச் சேர்க்க முடியாததால் தனி பில்ட் தேவை. வால்கிரைண்ட் ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டுமே ஓட்டுகிறது. இழைப் பிழைகளைத் தேடும் அதன் கருவியான ஹெல்கிரைண்ட் பூட்டுகளின் ஒழுங்கை நன்றாகக் கண்காணித்தாலும், அணு மாறிகளை (பூட்டின்றியே பிரிக்கமுடியாத ஒரே படியில் மாறும் அட்டாமிக் மாறிகளை) நம்பி எழுதிய நிரலில் பொய் எச்சரிக்கைகளைக் கொட்டுகிறது. மறுகம்பைல் செய்யவே வழியில்லாத இடத்தில் மட்டும் அதை நாடுவேன்.

எந்தக் கருவியைத் தேர்ந்தாலும், முதன்மை அல்லாத இழையிலிருந்து எக்ஸெக் செய்யும் நிரலும், இழைகளை வேகமாகப் பிறப்பித்து முடிக்கும் நிரலும் சோதனைத் தொகுப்பில் இருந்தாக வேண்டும். ஓடாத பாதையில் உள்ள பிழையை இவற்றில் எதுவும் காட்டாது.