பயிர்ச் சேதத் தகராறு: பொலிஸ் நிலையமா, இணக்க சபையா?

கிளிநொச்சி, முல்லைத்தீவு வயல்களில் கட்டாக்காலி மாடுகள் பயிரை அழிக்கும்போது, பொலிஸ் நிலையம் செல்வதா, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும், தகராறுகளைப் பேசித் தீர்க்க உதவும் இணக்க சபையை நாடுவதா என்ற கேள்வி எழுகிறது. பொலிஸாரின் கடமை முறைப்பாட்டைப் பதிந்து குற்றத்தை விசாரிப்பதே. நட்டஈட்டைத் தாமே தீர்மானித்து இருவரையும் கையொப்பமிட வைத்தால், கிடைப்பது சீருடைக்கு அஞ்சிய சம்மதம் மட்டுமே. போரைக் கண்ட வன்னியில் அந்த அச்சம் இன்னும் ஆழமானது. தமிழும் அரச கரும மொழியாக இருக்க, வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால், தான் எதற்குக் கையொப்பமிடுகிறார் என்பதையே முறைப்பாட்டாளர் அறியமாட்டார். இணக்க சபையிலோ மத்தியஸ்தர்கள் இரு தரப்பையும் தமிழில் கேட்கிறார்கள்; அவர்களால் தீர்வைத் திணிக்க முடியாது. ஆகவே பயிர்ச் சேதத்துக்கு இணக்க சபையே பொருத்தமானது. ஆனால் தகராறு முற்றி வாள்வெட்டு நேர்ந்தபின், சமரசமாகப் போகும்படி சொல்லி முறைப்பாட்டாளரைத் திருப்பி அனுப்பும் பொலிஸார் கடமை தவறுகிறார்கள்.