நுவரெலியாக் குளிரில் ஓவர்க்ளொக்: ரைசன் 2600 உடன் என் ஆறு வருடங்கள்

கந்தப்பளையில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் என் எடிட்டிங் வேலை நடக்கிறது. கல்யாண வீடியோ, சடங்கு வீட்டு அல்பம், கோயில் திருவிழா, மாசி பிறந்தால் தோட்டங்களில் காமன் கூத்து. இதற்காக 2019இல் ஒரு கணினி பூட்டினேன். ஏஎம்டி ரைசன் 5 2600 ப்ரொசெசர், பி450 மதர்போர்ட், 8 ஜிபி ரெம் (தற்காலிக நினைவகம்) இரண்டு, தனி கிராஃபிக்ஸ் கார்ட். இன்றைக்கும் அதிலேதான் வேலை செய்கிறேன். இடையில் 2023 ஜனவரியில் ஓவர்க்ளொக் (ப்ரொசெசரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்யப் போய், ஒரு வாரம் அது உயிரில்லாமல் கிடந்தது. அந்த வாரத்தையும் அதற்குப் பின்னால் வந்த மாதங்களையும் பற்றித்தான் இந்தப் பகிர்வு.

ஏன் செய்தேன் என்றால், 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரைக்கும் ஏறியது. புது ப்ரொசெசரை நினைத்தும் பார்க்க முடியவில்லை. வேலையோ கூடிக்கொண்டு வந்தது. இந்த ப்ரொசெசரின் அடிப்படை வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ், தானாக உயர்ந்தால் 3.9. வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கியைக் (மல்டிப்ளையர்) கையால் மாற்ற முடியும். நுவரெலியாப் பக்கம் ஜனவரியில் புல்லில் பனி உறைகிற குளிர். சூடுதானே ஓவர்க்ளொக்கின் எதிரி, அது இங்கே இல்லையே என்று நினைத்தேன்.

இந்த நினைப்பில் இரண்டு பிழை இருந்தது. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்று கடற்கரைக் காற்றைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. அதே விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிக்கொண்டு போகிற சூடு குறைவு. குளிரின் ஆதாயத்தில் ஒரு பகுதியை உயரம் தின்றுவிடுகிறது. இரண்டாவது பிழைதான் பெரியது. ஒவ்வொரு சிப்புக்கும் அதற்கு மேல் போகாத ஒரு சுவர் உண்டு. அந்த இடத்தில் எவ்வளவு குளிர்ந்த காற்று வந்தாலும், வோல்டேஜைக் கூட்டக் கூட்ட ஆபத்துதான் கூடும், வேகம் கூடாது. என் சிப்புக்கு அந்தச் சுவர் 4.1இல் இருந்தது.

4.1இல் இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் இரவு 4.2 வைத்தேன், அதோடு ரெம் வேகத்தையும் 3000இலிருந்து 3400க்கு ஏற்றினேன். சேவ் செய்ததும் திரை கறுத்தது. விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, படம் இல்லை. தானாக மூன்று தடவை அணைந்து எழும்பியது, அப்புறம் அதுவும் நின்றது.

அடுத்த நாள் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மூடியைக்கூடத் திறக்காமல் போர்ட் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். மனம் ஒப்பவில்லை, திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். கொழும்பில் படிக்கும் தம்பியிடம் போனில் சொன்னபோது அவன் கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, ஒரே நேரத்துல எத்தனைய மாத்துனீங்க?" இரண்டு என்றேன். "அப்ப எது பிடிச்சு இழுக்குதுன்னு எப்படித் தெரியும்? எல்லாத்தையும் பழைய நிலைக்குக் கொண்டாங்க."

பயோஸை, அதாவது மதர்போர்ட்டின் அடிப்படை அமைப்புகளை, பழைய நிலைக்குக் கொண்டுவர போர்ட்டில் உள்ள ஜம்பர் ஊசிகள் இரண்டையும் ஒன்றாக இணைத்தால் போதும் என்று தெரியும். ஆனால் முதல் தடவை ப்ளக்கைக் கழற்றாமலே இணைத்தேன், ஒன்றும் மாறவில்லை. வயரைக் கழற்றி, பவர் பட்டனை இருபது செக்கன் அழுத்திப் பிடித்து, உள்ளே தேங்கிய மின்சாரத்தை வடித்துவிட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும். கூடவே சிஆர்2032 பெட்டரியையும் கழற்றி அளந்தேன். 3 வோல்ட் காட்ட வேண்டியது 2.5 காட்டியது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்களே, அந்த நேரமெல்லாம் பயோஸின் மணிக்கூட்டை ஓட்டியது இந்தச் சின்னப் பெட்டரிதான். கணினி எழும்பாததற்கு அது காரணம் இல்லை என்றாலும் புதியது போட்டேன்.

அப்படியும் படம் வரவில்லை. இந்த ப்ரொசெசருக்குள் கிராஃபிக்ஸ் கிடையாது, ஆகவே கார்ட்டில் கோளாறு என்றாலும் திரை இப்படித்தான் கறுத்துக் கிடக்கும். கார்ட்டைக் கழற்றி மறுபடி பூட்டினேன். பிறகு ஒரு ரெம்மை எடுத்துவிட்டு, மற்றதை ப்ரொசெசரிலிருந்து இரண்டாவது இடத்தில் செருகினேன். ஓன் செய்து ஒரு நிமிடம் வரை காத்திருந்தேன். பயோஸ் திரை வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மற்ற ரெம்மின் தங்கக் கால்களில் மங்கல் படிந்திருந்தது. மிருதுவான அழிரப்பரால் மெல்லத் துடைத்துச் செருகினேன், இரண்டும் வேலை செய்தன.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன், முடியவில்லை. எழும்பாத கணினியை எழுப்புவது சுலபம். எழும்பி, சரியாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டு, உள்ளே தப்பு செய்கிற கணினிதான் ஆளை வதைக்கும். ப்ரொசெசர் பழைய வேகத்துக்கு வந்திருந்தது, ரெம்மை மட்டும் முன்பிருந்த 3000இல் வைத்திருந்தேன். மாசியில் ஒரு தோட்டத்துக் காமன் கூத்தை இரவிரவாகப் பதிவு செய்து வந்து எக்ஸ்போர்ட் செய்தேன். விடியற்காலையில் சிவன் காமனை எரிக்கிற இடத்தில் பச்சைக் கட்டங்கள் பாய்ந்து நின்றன. மூல வீடியோவில் அப்படி ஒன்றும் இல்லை. மறுபடி எக்ஸ்போர்ட் செய்தால் கோளாறு வேறு இடத்தில் வந்தது. கோளாறு ஒரே இடத்தில் நிற்காமல் அலைந்தால் கோப்பை விட்டுவிட்டு ரெம்மைச் சந்தேகியுங்கள்.

ரெம்மைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளைப் போட்டேன். பகலில் நான்கு சுற்றும் சுத்தமாகப் போனது. விடியற்காலை ஐந்தரைக்குப் போட்டபோது முதல் சுற்றிலேயே பிழைகள். மறுநாளும் அப்படியே. ஒவ்வொரு தடவை ஓன் செய்யும்போதும் மதர்போர்ட் ரெம்மோடு நேரக்கணக்கைப் பொருத்திப் பார்க்கும், இதை மெமரி ட்ரெயினிங் என்பார்கள். குளிர்ந்து விறைத்திருக்கும்போது பொருத்திய கணக்கு, சூடேறிய பிறகு சரியாக நிற்பதில்லை. நான் நம்பிய குளிரே எனக்கு எதிராக வேலை செய்திருக்கிறது.

இந்த ப்ரொசெசர் முறைப்படி தாங்குகிற ரெம் வேகம் 2933. அதில் வைத்தேன், ரெம் வோல்டேஜ் 1.35. தொடர்ந்து ஏழு விடியற்காலைகள் டெஸ்ட் செய்தேன், ஒரு பிழையும் இல்லை. விண்டோஸும் இதற்கிடையில் காயப்பட்டிருந்தது. விண்டோஸ் கோப்புகளைச் சோதிக்கும் எஸ்எஃப்சி கட்டளை சிலவற்றைச் சரிசெய்தது, ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை, முழுதாகப் புதிதாகப் பதிந்தேன். அந்த ஒரு மாதத்தில் செய்த எல்லா வேலையையும் மூலத்திலிருந்து திரும்ப எக்ஸ்போர்ட் செய்தேன். இதைத் தவிர்க்கவே கூடாது. பிழையுள்ள ரெம் வழியாகப் போன பிரதி பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அதை நம்ப முடியாது.

இப்போது ப்ரொசெசர் தன் இயல்பான வேகத்தில் ஓடுகிறது. 4.1இல் ஒரு மணித்தியால வீடியோ 44 நிமிடத்தில் முடிந்தது, இப்போது 48 எடுக்கிறது. அந்த நான்கு நிமிடத்துக்காக இனி ஒரு குடும்பத்தின் கல்யாண வீடியோவைப் பணயம் வைக்க மாட்டேன். வேகம் வேண்டும் என்று தேடியபோது எனக்கு உண்மையாகக் கிடைத்தது எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) ஒன்றைச் சேர்த்ததில்தான். வெட்டி ஒட்டும்போது இருந்த இழுபறி போய்விட்டது.

அதையும் மீறிச் செய்துதான் பார்ப்பேன் என்கிற மலையகத்து நண்பர்களுக்கு: ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைத் தாளில் எழுதுங்கள், டெஸ்ட்டை அறை மிகவும் குளிர்ந்திருக்கிற நேரத்தில் ஒரு தடவையும் மதியம் ஒரு தடவையும் போடுங்கள். என் தாள் கணினிப் பெட்டியின் உள்மூடியில் ஒட்டியிருக்கிறது. கடைசி வரி 2023 மார்ச்சில் எழுதியது: ரெம் 2933, 1.35.