பூரான்ல எது டெஹானி, எது சப்ஸ்பினிப்பஸ்?

பினாங்கு பாலிக் பூலாவ் டுரியான் தோட்டத்துல அழுகின கட்டைய புரட்டினா ஓடுமே பெரிய பூரான், மலாய்க்காரங்க லிபான்னு சொல்வாங்களே, அத போட்டோ எடுத்துட்டு பாதி பேரு ஸ்கோலோபெண்ட்ரா சப்ஸ்பினிப்பஸ்ங்கறாங்க, மீதி பேரு ஸ்கோலோபெண்ட்ரா டெஹானிங்கறாங்க. ரெண்டுக்கும் கால் 21 ஜோடிதான். கலரை நம்பாதீங்க லா, குட்டில ஒரு கலரு, பெருசானா வேற கலரு.

பார்க்க வேண்டியது கடைசி ஜோடி கால். உடம்ப ஒட்டி இருக்கற தடிச்ச கணுவ லென்ஸ் வெச்சு பாருங்க, சப்ஸ்பினிப்பஸ்னா அடிப்பக்கம் பெரும்பாலும் குட்டி முள்ளு இருக்கும், டெஹானிக்கு அந்த இடம் பொதுவா மொட்டையா இருக்கும். ஆனா கால் உடைஞ்சு மறுபடி முளைச்சிருந்தா முள்ளு கணக்கே மாறிடும், அதனால ஒரு காலை மட்டும் பார்த்துட்டு பேரு வைக்காதீங்க, ரெண்டையும் பாருங்க, முடிஞ்சா நாலஞ்சு பூரானை பாருங்க (தள்ளி நின்னுதான்!).

பேரு விஷயத்துல, சப்ஸ்பினிப்பஸ் லீச்ங்கற விலங்கியலாளர் வெச்சது, டெஹானி 1840ல பிராண்ட்ங்கற இன்னொரு விலங்கியலாளர் வெச்சது. ரொம்ப காலம் டெஹானிய சப்ஸ்பினிப்பஸோட கிளையினமாத்தான் எழுதினாங்க, 2012ல குரோன்முல்லர்ங்கற ஆய்வாளர் தனி இனம்னு பிரிச்சாரு. பழைய புத்தகத்துல ஸ்கோலோபெண்ட்ரா சப்ஸ்பினிப்பஸ் டெஹானின்னு மூணு வார்த்தை பேரு இருந்தா குழம்பாதீங்க. எனக்கும் தனி இனம்தான் சரின்னு படுது. கடியில மட்டும் ஒப்பீடு கேக்காதீங்க, ரெண்டுமே உயிர் போற வலி.