சிரிக்க வைக்க ஆசைப்படும் பிள்ளைகள்: எந்த நாவலை முதலில் கொடுப்பது?

ஒரு பிள்ளை மைக் முன்னால் நின்று ஜோக் சொல்கிறது. யாரும் சிரிக்கவில்லை. அடுத்த சில விநாடி மௌனத்தை எழுத்தாளர் எப்படிக் கையாள்கிறார் என்பதை வைத்துத்தான் இந்த வகை நாவல்களை எடைபோடுகிறேன். ஜோக் எடுபட்ட இடத்தை எழுதுவது எளிது, அரங்கம் அதிர்ந்தது என்று ஒரு வரி போதும். எடுபடாத இடத்தில்தான் அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு ஏன் அவ்வளவு தேவைப்படுகிறது என்பது வெளியே வரும்.

8 முதல் 12 வயதுக்காரர்களுக்கு என்று பார்த்தால் போட்டி மூன்று நாவல்களுக்குள்தான்.

ஜேம்ஸ் பேட்டர்சனும் கிறிஸ் கிராபென்ஸ்டைனும் 2012-இல் எழுதிய 'ஐ ஃபன்னி' எல்லாருக்கும் தெரிந்த பெயர். சக்கர நாற்காலியில் இருக்கும் ஜேமி கிரிம், சிறுவர்களுக்கான நகைச்சுவைப் போட்டியில் கலந்துகொள்கிறான். மேடையில் வாயடைத்துப் போகும் கட்டத்திலேயே கதை தொடங்குகிறது. அத்தியாயங்கள் மிகச் சிறியவை, பக்கத்துக்குப் பக்கம் லாரா பார்க்கின் ஓவியங்கள். புத்தகம் என்றாலே ஓடுகிற பிள்ளையைக்கூட இது பிடித்து உட்கார வைக்கும், அது சின்ன விஷயம் இல்லை. ஜேமிக்கு என்ன நடந்தது என்பதை வெகுநேரம் சொல்லாமல் வைத்திருப்பதும் நல்ல உத்தி. ஆனால் ஜோக்குகள் மழையாகக் கொட்டுவதால் எதுவும் மனதில் தங்குவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. அவனைச் சீண்டும் ஸ்டீவி, சீண்டுவதற்காகவே படைக்கப்பட்டவன்போல இருக்கிறான்.

ஜெசிகா கிம்மின் 'ஸ்டாண்ட் அப், யூமி சங்!' 2020-இல் வந்தது. லாஸ் ஏஞ்சலீஸின் கொரியாடவுனில் பெற்றோர் நடத்தும் உணவகம் தள்ளாடிக்கொண்டிருக்கிறது. யூமி உதவித்தொகை வாங்கி நல்ல பள்ளியில் சேர வேண்டும் என்பது அவர்கள் கவலை. 11 வயது யூமிக்கோ, மேடையில் தனியாக நின்று ஜோக் சொல்லும் ஸ்டாண்ட்-அப் மேல் உயிர். தற்செயலாக ஒரு நகைச்சுவைப் பயிற்சி முகாமுக்குள் நுழைகிறாள், அங்கே அவளை வேறொரு பெண் என்று நினைத்துவிடுகிறார்கள், அவளும் திருத்தவில்லை. சொந்தப் பெயரில் வாய் திறக்கத் தயங்கியவளுக்கு இரவல் பெயரில் பேச்சு வருகிறது. மேடை ஏறுகிறவர்களுக்கு ஒரு வேடம் எவ்வளவு துணிச்சல் தரும் என்பதை இதைவிட இயல்பாகக் காட்ட முடியாது. பெற்றோரை வில்லன்களாக்காமல், அவர்கள் பயத்துக்கும் இடம் கொடுத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. முடிச்சுகள் கடைசியில் கொஞ்சம் வேகமாக அவிழ்கின்றன, அவ்வளவுதான் குறை.

இருந்தாலும் என் முதல் தேர்வு ஹெலன் ரட்டரின் 'த பாய் ஹூ மேட் எவ்ரிஒன் லாஃப்' (2021). இங்கிலாந்தில் உயர்நிலைப் பள்ளிக்குள் காலெடுத்து வைக்கும் பில்லி பிளிம்ப்டனுக்குத் திக்கல் உண்டு. ஆசையோ ஸ்டாண்ட்-அப் நகைச்சுவையாளர் ஆவது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்ததுமே கதை பாதி எழுதி முடிந்தாற்போலத்தான். ஜோக்குக்கு உயிர் டைமிங். பஞ்ச் வரியின் முதல் எழுத்திலேயே நாக்கு சிக்கிக்கொண்டால், கேட்பவர் முந்திக்கொண்டு முடிவை ஊகித்துவிடுவார், அல்லது பாவம் என்று பார்ப்பார். இரண்டிலும் ஜோக் செத்துவிடும். ஆக, மற்ற நாவல்களில் ஜோக்குக்குப் பிறகு வருகிற மௌனம் பில்லிக்கு ஜோக்கின் நடுவிலேயே வந்து நிற்கிறது.

பில்லி தன்னிடம் பேசுகிறவர்களை நான்கு வகையாகப் பிரிக்கிறான்: தைரியம் சொல்கிறவர்கள், அவன் மனதைப் படித்து வாக்கியத்தைத் தாங்களே முடிக்கிறவர்கள், கிண்டல் செய்கிறவர்கள், பேசாமல் காத்திருக்கிறவர்கள். இதைப் படித்த பிள்ளை தான் எந்த வகை என்று கட்டாயம் யோசிக்கும். நானும் யோசித்தேன். நான் இரண்டாம் வகை, நல்லது செய்வதாக நினைத்து அடுத்தவர் சொல்லைப் பறிக்கிறவன். திக்கலைக் குணமாக்கி, கைதட்டலோடு கதையை முடித்திருக்கலாம். ரட்டர் அப்படிச் செய்யவில்லை. அவருடைய மகனுக்கே திக்கல் உண்டு என்பதால் வந்த நேர்மையாக இருக்கலாம். அத்தியாயத்துக்கு ஒரு ஜோக் தலைப்பில் வருகிறது, சில ரொம்பப் பழசு. பரவாயில்லை, 11 வயதில் எல்லா ஜோக்கும் புதுசுதான்.

பதின்வயதினருக்கு என்றால் லான்ஸ் ரூபினின் 'கிரையிங் லாஃபிங்' (2019). வின்னி என்ற பெண், யூதச் சிறுமிகள் 12-13 வயதில் கொண்டாடும் பாத் மிட்ஸ்வா விழாவில் ஜோக் சொல்லி ஒன்றும் எடுபடாமல் போனதிலிருந்து மேடைப் பக்கமே போகாதவள். மெல்ல, எழுதி வைக்காமல் அந்தந்த நொடியில் நடிக்கும் இம்ப்ரோவ் குழுவுக்குள் வருகிறாள், அதே சமயம் அப்பாவுக்கு, தசைகளைப் படிப்படியாகச் செயலிழக்க வைக்கும் ஏ.எல்.எஸ். நோய் என்று தெரிகிறது. வீட்டில் எல்லாவற்றையும் ஜோக்காலேயே கடந்து பழகியவர்களுக்கு, ஜோக்கால் கடக்க முடியாத ஒன்று வந்து நிற்கிறது. கனமான கதை. படிக்கிறவருக்கு அப்போது என்ன மனநிலை என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். கேட்டி ஹென்றியின் 'திஸ் வில் பி ஃபன்னி சம்டே' (2021) சிகாகோவில் நடப்பது, அடக்கி ஆளும் காதலனிடமிருந்து ஒரு பெண் மேடை வழியாகத் தன் குரலை மீட்பது. இதுவும் நல்ல நாவல்தான், 14 வயதுக்குக் கீழே வேண்டாம்.

சரி, வீட்டில் ஒரு பிள்ளைக்கு வாங்குவது என்றால் பில்லி, அப்புறம் யூமி. படிப்பில் நாட்டமே இல்லை என்றால் ஜேமியிலிருந்து தொடங்கலாம். ஜோக்குகளை நோட்டில் எழுதி ஒளித்து வைத்துக்கொள்ளும் பிள்ளை என்றால் மட்டும் வரிசையை மாற்றி யூமியை முதலில் கொடுப்பேன். அவளிடமும் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது.