நேர்க்கண்ணா, தாழ்கண்ணா? சிறிய ஃபிளைகளுக்கு ஏற்ற தூண்டில் முள்

இங்கிலாந்தில், டெர்பிஷயரின் வை ஆற்றில் கிரேலிங் மீனுக்காக 20, 22ஆம் எண் முட்களில் ஃபிளை (இறகும் நூலும் சுற்றிப் பூச்சிபோலச் செய்யும் செயற்கை இரை) கட்டத் தொடங்கிய சென்ற குளிர்காலத்தில்தான், பல ஆண்டுகளாக யோசிக்காமலே வாங்கிவந்த தாழ்கண் முட்களை விட்டு நேர்க்கண் முட்களுக்கு மாறினேன். கண் என்பது தூண்டில் இழையைக் கட்டும் வளையம்; அது தாழ்கண்ணில் கீழ்நோக்கி வளைந்திருக்கும், நேர்க்கண்ணில் தண்டின் நேர்கோட்டிலேயே இருக்கும்.

கண் எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்ற வழக்கு பழையது. 1870களின் இறுதியில், ஜார்ஜ் பாங்கார்ட்டுடன் சேர்ந்து, கண்ணுள்ள முள்ளை, நீர்மேல் மிதக்கும் உலர் ஃபிளைக்கு ஏற்றதாக்கிய ஹென்றி சின்க்ளேர் ஹால் மேல்நோக்கிய கண்ணை ஆதரித்தார். (நைட்டுடன் சேர்ந்து இயற்கணிதப் பாடநூல் எழுதிய அதே ஹால்தான், நம் தாத்தாக்கள் அவருடைய கணக்குகளோடு மல்லுக்கட்டியிருப்பார்கள்.) தூண்டில் மீன்பிடிப்பு பற்றி எழுதிய ஆங்கிலேயர் பென்னல் கீழ்நோக்கிய கண்ணுக்காக வாதாடினார், டிரவுட் மீனுக்கான முட்களைப் பொறுத்தவரை கடைகளில் நிலைத்தது அவர் கட்சிதான்.

என் முடிவைத் தீர்மானித்தது முள்ளின் வாய் ஒன்றே. தண்டுக்கும் முனைக்கும் இடையிலுள்ள அந்த இடைவெளி 12ஆம் எண்ணில் தாராளமாக இருப்பதால், கண் சற்றே கீழிறங்குவதால் எந்த இழப்பும் தெரிவதில்லை. எண் ஏற ஏற முள் சிறுத்து, வாயும் குறுகுகிறது. ஆனால் கண்ணுக்குள் தங்கூசி (தூண்டிலின் மெல்லிய நைலான் இழை) நுழைந்தாக வேண்டும் என்பதால் கண்ணை அதே அளவுக்குச் சிறிதாக்க இயலாது. ஆகவே 20ஆம் எண்ணில் கீழே வளைந்த கண்ணும், அதன்மேல் அமரும் முடிச்சும், நூல் சுற்றிய உடலின் பருமனும் சேர்ந்து, மீனின் உதட்டில் தைக்க வேண்டிய வாயைப் பெருமளவு அடைத்துவிடுகின்றன. நேர்க்கண் அந்த வழியில் குறுக்கிடுவதே இல்லை.

முடிச்சுக் கணக்கில் தாழ்கண்ணுக்கு ஒரு நியாயம் உண்டு: கண்ணுக்குப் பின்னால் கழுத்தைச் சுற்றி இறுகும் டர்ல் முடிச்சைப் போட்டால் தங்கூசி தண்டின் நேர்கோட்டிலேயே இழுக்கும். ஆனால் அதற்குக் கழுத்தில் சிறிது இடம் விட்டுக் கட்ட வேண்டும், ஹேக்கிள் (ஃபிளையின் கழுத்தில் சுற்றிய இறகு) நசுங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். விறைத்த விரல்களுக்கு இது வீண் வேலை. நேர்க்கண்ணில் சாதாரண கிளிஞ்ச் முடிச்சே போதும். தலையில் தடவும் வார்னிஷ் இரண்டு வகையிலும் கண்ணை அடைக்கத்தான் செய்யும். காயும் முன் ஓர் இறகுத் தண்டை நுழைத்து எடுத்தால் தீர்ந்தது.

மேல்கண்ணும் வாயை மறைக்காது என்பதால் கொள்கையளவில் அதையும் குறை சொல்ல முடியாது. நான் அதைச் சில சால்மன் ஃபிளைகளில் மட்டுமே கட்டியிருப்பதால், சிறிய எண்களில் அது எப்படி என்று தீர்ப்பளிக்கும் தகுதி எனக்கில்லை.

மீதமிருக்கும் 12, 14ஆம் எண் தாழ்கண் முட்களை எறியவில்லை, கோடைக்கால ஃபிளைகளுக்கு அவை தாராளமாகப் போதும். எந்த வகையானாலும், வைஸில் (முள்ளைப் பிடித்துவைக்கும் இடுக்கியில்) பூட்டும் முன் கண்ணின் வளையம் முழுதாக மூடியிருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன். மயிரிழை இடைவெளி இருந்தாலும் மெல்லிய தங்கூசி அதில் சிக்கி அறுந்துவிடும்.