தூரிகைப் பேனா, தலையங்கக் கார்ட்டூனுக்கு ஒத்து வருமா?

பக்கம் முடிக்கிற நேரம் நெருங்கும்போது மைப்புட்டியோடு மல்லுக்கட்ட முடியாது. அதனால்தான் தொட்டு வரையும் நிப்பை ஓரம்கட்டிவிட்டு, கார்ட்ரிட்ஜ் (மை அடைத்த குழாய்) போடும் நைலான் தூரிகைப் பேனாவுக்கு மாறினேன். அழுத்தினால் தடித்த கோடு, தூக்கினால் முடியளவு கோடு. அமைச்சரின் தாடையை ஒரே இழுப்பில் கொண்டுவந்துவிடலாம்.

ஆனால் அந்த முடிக் கோட்டை ரொம்ப நம்பாதீர்கள். அச்சாகும் அளவைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக வரைவது என் வழக்கம். இரண்டு பத்தி அகலத்துக்குச் சுருக்கும்போது மெல்லிய கோடு காணாமல் போகும். நெருக்கமாகப் போட்ட குறுக்குக் கோடுகளோ, செய்தித்தாள் மையை உறிஞ்சிப் பரப்புவதால் கறுப்புத் திட்டாகிவிடும். சரி, எப்படியும் திட்டாகத்தான் போகிறது என்று நிழலை முழுக் கறுப்பாகவே நிரப்பிவிடுகிறேன். யார் யாரை மிரட்டுகிறார் என்பது சட்டென்று தெரிகிறது.

இந்தப் பேனாவில் நான் போடும் நிறமி மை (நீரில் கரையாத வண்ணத்தூள் கலந்தது), காய்ந்தபின் நீர்வண்ணம் பூசினாலும் கலையாது. காய்வதற்குள் பென்சில் கோட்டை அழித்தால் தலைவர் முகம் இழுசிக்கொள்ளும் (சிலருக்கு அதுவும் பொருத்தம்தான்).

வசனக் குமிழி எழுத்துக்கு இது சுத்தமாக ஆகாது; 0.8 மி.மீ. முனைப் பேனா தனியாக வேண்டும். அப்புறம், கறுப்பை இப்படி நிரப்பினால் கார்ட்ரிட்ஜ் சீக்கிரம் தீரும், உதிரி ஒன்றை மேசையிலேயே வைத்திருங்கள்.